வண்டு விழும் குழாய்: ஆய்வுக்கூடத்தில் பிறந்தது, வீட்டு டின்னுக்கு எப்போது வரும்?

பங்குனி கடைசியில் உளுந்து அடித்து முடித்த கையோடு நமது கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். 'உளுந்தை இப்பவே போட்டுடலாமா, கொஞ்ச நாள் வச்சிருந்து விக்கலாமா? வச்சா வண்டு விழுந்துடுதே, என்ன செய்றது?'

கேட்பதற்கு ஒரே கேள்விபோல இருந்தாலும் இதில் இரண்டு கேள்விகள் உண்டு. ஒன்று விலை, இன்னொன்று வண்டு. காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நெல் நிற்கும்போதே ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுகிறோம். பனியிலேயே விளைந்துவிடும். எல்லோரும் ஒரே சமயத்தில் தெளிப்பதால் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கைக்கு வருகிறது. சாலையோரக் களத்தில் உளுந்து காயும்போதே வியாபாரியின் வண்டி வந்து நிற்கும். 'வச்சுக்கிட்டு என்னா பண்ணப்போறீங்க? ஆடிக்குள்ள ஓட்டையாப் போயிடும்' என்று அவர் சொல்வதில் பொய் இல்லை. அதனால்தான் அவர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வருகிறோம். பயறு வண்டு அந்த வியாபாரிக்குச் சம்பளம் வாங்காமல் வேலை பார்க்கிற ஆள்.

அந்த வண்டைப் பிடிக்க ஒரு கருவி இருக்கிறது. மின்சாரம் வேண்டாம், மருந்து வேண்டாம், பழுதாக அதில் ஒன்றுமில்லை. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எஸ்.மோகனும் அவரோடு வேலை செய்தவர்களும் உருவாக்கியது. பல ஆண்டுகளாகவே இருக்கிறது. ஆனால், எனக்குத் தெரிந்த உளுந்து விவசாயிகளில் பெரும்பாலானவர்கள் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அரசு ஆய்வுக்கூடத்தில் உருவான ஒரு பொருள் நம் வீட்டு டின்னுக்குள் வந்து சேர்வதற்கு நடுவில் என்னதான் நடக்கிறது? இந்தக் குழாயை வைத்தே பார்ப்போம்.

முதலில் வண்டு

பயறு வண்டு வீட்டில் வந்து விழுகிறது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் வயலிலேயே வந்துவிடுகிறது. காய் முற்றும்போது அதன் மேல் முட்டை வைக்கிறது. புழு உள்ளே போய் விதையைத் துளைக்கிறது. நாம் அடித்து, தூற்றி, மூட்டை கட்டும்போது விதைக்குள் அது படுத்திருப்பது வெளியே தெரியாது. சில வாரங்களில் வட்டமாக ஒரு கதவு வெட்டிக்கொண்டு வண்டாக வெளியே வரும். வந்த வண்டு உளுந்தைத் தின்பதில்லை. அதற்குத் தீனியே தேவையில்லை. இருக்கப்போகிற சில நாள்களில் இணை சேர்ந்து முட்டை வைப்பது ஒன்றுதான் அதன் வேலை. உளுந்தின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி ஒட்டியிருக்குமே, அதுதான் முட்டை.

ஏட்டுக் கணக்காக ஒன்று போட்டுப் பாருங்கள். ஒரு பெண் வண்டு 100 முட்டை வரைகூட வைக்கும். ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதம். பாதி பெண் என்று வைத்துக்கொண்டால், முதல் மாதம் 100 வண்டு, இரண்டாம் மாதம் 5,000, மூன்றாம் மாதம் 2,50,000. உளுந்தில் 100 விதை சுமார் 4 முதல் 5 கிராம் இருக்கும். வண்டுக்கு ஒரு விதை என்றாலும் மூன்றாம் மாதத்தில் 10 கிலோவுக்கு மேல் ஓட்டை. நடைமுறையில் இவ்வளவு ஆகாது. முட்டை எல்லாம் பொரிக்காது, புழு எல்லாம் பிழைக்காது. ஆனாலும் 'போன வாரம் நல்லாத்தானே இருந்துச்சு' என்று நாம் தலையில் கைவைப்பதற்குக் காரணம் இந்தப் பெருக்கம்தான். ஆரம்பத்தில் வெளிவரும் அந்தப் பத்துப் பதினைந்து வண்டை முட்டை வைக்கும் முன்பே பிடித்துவிட்டால் கணக்கு மாறிவிடும்.

கனடாவில் ஒரு குழாய்

தானியத்தில் இருக்கும் வண்டுகளுக்கு ஒரு குணம் உண்டு. ஓரிடத்தில் இருக்காது, ஊர்ந்துகொண்டே இருக்கும். இடைவெளி தெரிந்தால், காற்று வந்தால், அந்தப் பக்கம் போகும். இதைக் கவனித்து, 1967-இல் கனடாவில் வின்னிபெக் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லோஷியாவோ, அட்கின்சன் என்ற இருவர் ஒரு பொறியைப் பற்றி எழுதினார்கள். உடம்பு முழுக்க ஓட்டை போட்ட ஓர் உலோகக் குழாய். தானியத்துக்குள் செருகி வைத்தால், ஊர்ந்து வரும் வண்டு ஓட்டைக்குள் நுழையும், கால் வழுக்கி அடியில் விழும், ஏற முடியாது. அவ்வளவுதான்.

அவர்கள் அதைச் செய்தது வண்டைக் கொல்வதற்காக இல்லை. கனடாவில் கோதுமைக் கிடங்கு என்பது நம் ஊர் அரிசி ஆலையைவிட உயரமானது. அதில் வண்டு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தால் புகைமூட்டம் போடலாம். அதற்கு ஒரு துப்பறியும் ஆள் தேவைப்பட்டது. பிறகு அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் அதே குழாயில் வண்டு விழ விழ எண்ணிச் சொல்லும் மின்னணுக் கருவியைப் பொருத்தினார்கள். பெரிய கிடங்குக்காரர்களுக்கு அது சரி.

கோயம்புத்தூரில் அதே குழாயை எடுத்தவர்கள் வேறு திசையில் யோசித்தார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான். நம் வீட்டில் இருப்பது ஆயிரக்கணக்கான டன் கோதுமை இல்லை. 25 கிலோ டின், மிஞ்சினால் நாலு மூட்டை. அவ்வளவு சிறிய இடத்தில், வண்டு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் அதே பொறி, வண்டை வெளியேற்றவும் செய்யும். அங்கே வேவு பார்த்த குழாய் இங்கே ஆளையே பிடித்து வெளியே தள்ளுகிறது. உலோகத்துக்குப் பதில் பிளாஸ்டிக், 2 மில்லிமீட்டர் ஓட்டைகள், அடியில் கழற்றி எடுக்கக்கூடிய வெள்ளைக் கூம்பு, மேலே சிவப்பு மூடி. கூம்பைக் கழற்றினால் வண்டு உயிரோடு நெளிவதைப் பார்க்கலாம். படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற அறிக்கை அது.

இதில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் 25 கிலோ டின்னில் அரிசி. ஒரு குழாய் வாங்கிவந்து, ஆழமாகப் போனால்தானே அதிகம் பிடிக்கும் என்று டின்னின் அடி வரைக்கும் அழுத்திப் புதைத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து எடுத்தால் கூம்பில் ஒரே ஒரு வண்டு. அரிசியிலோ கைவைத்தால் ஓடுகிறது. "இதுக்கா பஸ் ஏறிப் போயிட்டு வந்தே? வசம்பு கட்டிப் போட்டிருந்தா தேவல" என்றார் அம்மா. வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டபோது அங்கிருந்த பூச்சியியல் வல்லுநர் சிரித்துவிட்டார். "தம்பி, வண்டு மேல் அரை அடியிலதான் அதிகமா நடமாடும். சிவப்பு மூடி அரிசி மட்டத்துக்குச் சமமா இருக்கணும். ஒண்ணு பத்தாது, 25 கிலோவுக்கு ரெண்டு மூணு வைங்க" என்றார். மூன்று வைத்தோம். மறு வாரம் கூம்பைத் திறந்து தாம்பாளத்தில் கொட்டியபோது அம்மா பதில் பேசாமல் கோழிகளைக் கூப்பிட்டார்.

அந்தக் கருவியோடு வந்த துண்டுத்தாளில் 'தானியத்தின் மேற்பரப்பில் செங்குத்தாகப் பொருத்துக' என்று இருந்தது. தப்பில்லாத தமிழ்தான். ஆனால் 'மூடி மட்டும் வெளியே தெரியட்டும்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் எனக்கு இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

உளுந்துக்கு வேறு கருவி

அரிசி, கோதுமை, சோளம் என்றால் அந்தக் குழாய் போதும். பயறு வண்டு வேறு மாதிரி. அது ஆழத்தில் அலைவதைவிட மேல்பரப்பில் சுற்றுவதுதான் அதிகம். அதற்காகக் குழாயோடு மேலே ஓட்டை போட்ட ஒரு குழிக்கிண்ணத்தையும் சேர்த்து ஒரே பொறியாகச் செய்திருக்கிறார்கள். 'டூ இன் ஒன்' பொறி என்று கேட்டால் தெரியும். மேலே சுற்றுவது கிண்ணத்தில் விழும், உள்ளே ஊர்வது குழாயில் விழும். பிடிபட்ட வண்டு உயிரோடு இருப்பதால் அதன் வாடைக்கு மற்றவையும் தேடி வரும். இலவச இரை.

இதைவிட எளிமையான ஒன்று எச்சரிக்கைக் கிண்ணம். 3 மில்லிமீட்டர் ஓட்டைகள் கொண்ட கூம்பு வடிவக் கிண்ணம், மேலே மூடி, கீழே தட்டு. மூட்டை கட்டும் முன்பு அதே உளுந்தில் 200 கிராம் எடுத்து இதில் போட்டு, தட்டில் வாசலின் தடவி, மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். வயலிலிருந்து விதைக்குள் உட்கார்ந்து வந்த வண்டு, மூட்டையில் வெளிவருகிற அதே சமயத்தில் கிண்ணத்திலும் வெளிவரும். ஓட்டை வழியே வந்து வாசலினில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்த அன்றே மூட்டையைப் பிரித்து வெயிலில் காயப்போட வேண்டும். மூட்டைக்குள் என்ன நடக்கிறது என்று 200 கிராம் உளுந்து நமக்குச் சொல்லிவிடுகிறது. வெயிலில் காயவைப்பது நம் பாட்டி செய்ததுதான். எந்த நாள் காயவைக்க வேண்டும் என்பதைத்தான் இந்தக் கிண்ணம் புதிதாகச் சொல்கிறது.

விதைக்கு எடுத்து வைக்கும் உளுந்துக்கு மூன்றாவதாக ஒன்று உண்டு. ஓட்டை போட்ட உள்பாத்திரம், அதன் நடுவே பிளாஸ்டிக் பிரஷ் வைத்த ஒரு தண்டு. காலை, மதியம், மாலை பத்துப் பத்து நிமிடம் முன்னும் பின்னும் சுற்றினால் விதை மேல் ஒட்டியிருக்கும் முட்டை நசுங்கிவிடும். முளைப்புத்திறன் கெடாது. நாளைக்கு மூன்று வேளை சுற்றுவதற்கு யாருக்கு நேரம் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. விதை உற்பத்தி செய்யும் மகளிர் குழுவுக்கு இது பொருந்தும். தனி வீட்டுக்குக் கடினம். அடுக்கி வைத்த மூட்டைகளுக்கென்று, மூட்டைக்குள் படுக்கையாகச் செருகும் நீளக்குழாயும் இருக்கிறது. அதன் முனை வளைந்து வெளியே ஒரு கண்ணாடிக் குப்பிபோலத் தொங்கும். மூட்டையைப் பிரிக்காமலே நிலவரம் தெரியும்.

எந்தப் பொறியானாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. ஏற்கெனவே பாதி ஓட்டையாகிவிட்ட உளுந்தை இது மீட்டுத் தராது. சரியாகக் காயாத உளுந்திலும் பலன் இருக்காது. பல்லில் வைத்துக் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் பாக்கி.

மாத்திரை வேண்டாம்

இந்தக் குழாய் வீட்டுக்கு வராத இடத்தில் வேறொன்று வந்துவிடுகிறது. வண்டு மாத்திரை. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற வாயுவாகும். வண்டைக் கொல்லும் அதே வாயு மனிதரையும் கொல்லும். முறிவு மருந்து கிடையாது. காற்றுப்புகாத கிடங்கில், பயிற்சி பெற்றவர்கள், குறிப்பிட்ட நாள் வரைக்கும் மூடிவைத்துச் செய்யவேண்டிய வேலை அது. அதனால்தான் அரசு அமைப்புகளுக்கும் அனுமதி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளர்களுக்கும்தான் விற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை உதிரியாக வாங்கிவந்து, படுக்கிற அறையில் இருக்கும் மூட்டைக்குள் துணியில் முடிந்து போடுகிறவர்கள் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். பக்கத்து அறையில் குழந்தை தூங்கும். தயவுசெய்து வேண்டாம். ஒரு மூட்டை உளுந்து போனால் அடுத்த பங்குனியில் வரும்.

விதைக்குக் கால் உண்டு, கருவிக்கு இல்லை

சரி, கருவி இருக்கிறது. ஏன் வரவில்லை?

அரசு ஆய்வுக்கூடத்திலிருந்து எதுவுமே நம்மிடம் வரவில்லை என்று சொல்ல முடியாது. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912-இல் தொடங்கியது. ஆறு வருடத்தில், 1918-இல், காட்டு நாணலோடு கரும்பைச் சேர்த்து 'கோ 205' என்ற ரகத்தைப் பஞ்சாபுக்குக் கொடுத்தார்கள். இன்று 'கோ 86032' இல்லாத கரும்பு வட்டாரம் தமிழ்நாட்டில் அரிது. இதற்கெல்லாம் யாரும் வீடு வீடாக வந்து விளம்பரம் செய்யவில்லை. ஒருவர் தோட்டத்தில் நன்றாக இருந்தால் பக்கத்துத் தோட்டக்காரர் கரணை கேட்டு வாங்கிப் போவார். நெல் என்றால் ஒரு மரக்கால் விதை கைமாறும். விதை தானே பெருகும், தானே நடந்து போகும்.

கருவி அப்படிப் பெருகாது. பக்கத்து வீட்டுக் குழாயில் ஒரு கரணை வெட்டி நம் வீட்டில் நட முடியாது. அதற்கு ஒருவர் அச்சு செய்ய வேண்டும், பிளாஸ்டிக் ஊற்ற வேண்டும், ஒரு கடைக்காரர் வாங்கி வைக்க வேண்டும். பல்கலைக்கழகம் தொழிற்சாலை நடத்துவதில்லை. அதனால் உரிமம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வேளாண் வணிக மேம்பாட்டு இயக்ககம் இந்த வேலையைப் பார்க்கிறது. மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சிக் குழுமம் தன் நிறுவனங்களுக்கெல்லாம் 2006-இல் இதற்கான வழிமுறைகளை வகுத்தது. 2011-இல் இதற்கென்றே 'அக்ரின்னோவேட் இந்தியா' என்ற கம்பெனியையும் தொடங்கியது. கட்டணம் கட்டி ஒப்பந்தம் போட்டால் தனியார் யாரும் தயாரித்து விற்கலாம்.

இங்கேதான் சிக்கல். உரம், மருந்து விற்கும் கடைக்காரருக்கு வருடா வருடம் வாங்குகிற வாடிக்கையாளர் வேண்டும். இந்தக் குழாயை ஒருமுறை வாங்கினால் பல வருடம் கிடக்கும். விலையும் குறைவு, லாபமும் குறைவு. நமக்கு எது நல்ல குணமோ அதுவே கடைக்காரருக்குக் கெட்ட குணம். ஒரு கடையில் நான் கேட்டபோது, "அதெல்லாம் யார் சார் வாங்குறா?" என்று அலமாரியில் இருந்த ஸ்பிரே பாட்டிலை எடுத்துக் காட்டினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கடைக்கு வாடகை கட்ட வேண்டும். குறை, இப்படிப்பட்ட பொருளையும் உரிமம் கொடுத்ததோடு சந்தையிடம் விட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வதில் இருக்கிறது. ரேஷன் கடையிலோ, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்திலோ பத்துக் குழாய் வாங்கி வைத்தால் முடியக்கூடிய விஷயம் இது.

எண்ணுக்குப் பதில் வண்ணம்

நன்றாக வந்து சேர்ந்த கருவி ஒன்றைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். அதே கரும்பு நிறுவனம் மண் ஈரம் காட்டும் ஒரு கருவியைச் செய்திருக்கிறது. மண்ணின் ஈரத்தை அளக்க ஆய்வுக்கூடத்தில் பல வழி உண்டு. மண்ணை எடுத்து, எடை போட்டு, அடுப்பில் காயவைத்து, மறுபடி எடை போட்டுச் சதவிகிதம் சொல்வார்கள். 'உங்கள் நிலத்தில் ஈரம் 18 சதவிகிதம்' என்றால் நாம் என்ன செய்வது? மோட்டாரைப் போடுவதா வேண்டாமா?

இந்தக் கருவியில் எண்ணே கிடையாது. கைப்பிடி, கீழே இரண்டு கம்பி, மேலே நான்கு விளக்கு. வேர் இருக்கும் ஆழத்துக்குக் கம்பியைச் செருகினால் ஒரு விளக்கு எரியும். நீலம் என்றால் ஈரம் தாராளம். பச்சை என்றால் போதுமானது, இப்போதைக்குத் தண்ணீர் வேண்டாம். ஆரஞ்சு என்றால் பாய்ச்சலாம். சிவப்பு என்றால் உடனே பாய்ச்ச வேண்டும். சிக்னலில் நிற்கத் தெரிந்த எவருக்கும் புரியும். இதையும் தனியார் தயாரிப்பாளர்களுக்கு உரிமம் கொடுத்துத்தான் வெளியே விட்டார்கள். கரும்புக்கென்று செய்ததை மற்றப் பயிர்க்காரர்களும் வாங்குகிறார்கள். மேல்மண் காய்ந்து வெடிப்பு விட்டதைப் பார்த்துப் பதறி மோட்டாரைப் போடுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கம்பியைச் செருகினால் கீழே பச்சை எரியும். ஒரு தண்ணீர் மிச்சம். கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிற ஊரில் ஒரு தண்ணீர் என்பது சிறிய விஷயம் இல்லை. இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு: இப்படி மின்சாரம் கடத்துவதை வைத்து ஈரம் பார்க்கும் கருவிகள் உப்பு மண்ணில் கொஞ்சம் ஏமாற்றும். உப்பு இருந்தால் மின்சாரம் எளிதாகப் பாயும், ஈரம் அதிகம்போலக் காட்டும். களர் உவர் நிலத்துக்காரர்கள் கையால் மண்ணை உருட்டியும் பார்த்துக்கொள்வது நல்லது.

நெல்லுக்கு இலை வண்ண அட்டையும் இந்தக் குடும்பம்தான். இலையின் பச்சையத்தை அளக்கும் மீட்டர் விலை அதிகம். அதற்குப் பதிலாகப் பச்சையின் படிகளை ஒரு பிளாஸ்டிக் அட்டையில் அச்சடித்துவிட்டார்கள். நட்ட 14 நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், முழுதாக விரிந்த இளம் இலைகளில் பத்தை, நம் உடம்பின் நிழல் விழும்படி நின்று அட்டையோடு ஒப்பிட வேண்டும். பத்தில் ஆறு இலை வெளிறியிருந்தால் மட்டும் யூரியா. நம் வாசகர் ஒருவர் 'அட்டை சொல்றபடி போட்டும் பயிர் மஞ்சளாவே இருக்கு' என்று கேட்டிருந்தார். விசாரித்தால், அவர் வைத்திருந்தது கடையில் எடுத்த கலர் ஜெராக்ஸ். பச்சை வேறு பச்சையாகியிருந்தது. நகல் அட்டை எதற்கும் உதவாது.

எண்ணை விளக்காக மாற்றியதும், கூம்பில் வண்டை உயிரோடு காட்டியதும்தான் இந்தக் கருவிகளை நம் கைக்குக் கொண்டுவந்தன. கண்டுபிடிப்பில் பாதி வேலை அது என்பது என் எண்ணம். ஆய்வுக் கட்டுரைக்குக் கிடைக்கிற மதிப்பு அந்தப் பாதிக்குக் கிடைப்பதில்லை.

எங்கே கேட்பது?

உளுந்து வைத்திருப்பவர்கள் முதலில் போகவேண்டிய இடம் உங்கள் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையம். நாட்டிலேயே முதல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில்தான் தொடங்கியது; நம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் அப்போது இருந்தது. அங்கே விதை வாங்கவும் கோழிக்குஞ்சு வாங்கவும் போகிறோமே தவிர, 'வயல்வெளி ஆய்வு', 'செயல்விளக்கம்' என்று இரண்டு வேலை அவர்களுக்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. புதிய கருவியை நம் இடத்திலேயே வைத்து, நம் கண்முன்னே சோதித்துக் காட்டுவது அவர்கள் கடமை. தனி ஆளாகப் போவதைவிட, நாலைந்து பேராகவோ, குழுவாகவோ எழுத்தில் கொடுங்கள்: 'எங்கள் ஊரில் இத்தனை பேர் உளுந்து சேமிக்கிறோம், வண்டுப் பொறியைச் செயல்விளக்கமாக வைத்துக் காட்டுங்கள்.' அடுத்த ஆண்டுத் திட்டத்தில் சேர்க்க அவர்களுக்கும் ஒரு காகிதம் வேண்டும்.

கோயம்புத்தூர் பக்கம் போகிறவர்கள் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் வேளாண் தொழில்நுட்பத் தகவல் மையத்தில் கேட்கலாம். வாங்கும்போது, எந்தத் தானியத்துக்கான பொறி என்று முதலில் சொல்லுங்கள். அரிசிக் குழாயை உளுந்துக்குக் கொடுத்துவிடக்கூடும். கூம்பு சுலபமாகக் கழல்கிறதா என்று அங்கேயே கழற்றிப் பாருங்கள். ஓட்டைகளில் பிசிறு இருந்தால் வேண்டாம். பிசிறில் கால் ஊன்றி வண்டு வெளியே ஏறிவிடும். உரிமம் பெற்ற தயாரிப்பாளர் பெயர் பொருளின் மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பட்டறை வைத்திருப்பவர்கள், பிளாஸ்டிக் வார்ப்பு செய்பவர்கள் சிலரும் நம் வாசகர்களாக இருக்கிறார்கள். நீங்களே தயாரிக்க நினைத்தால் முதலில் உரிமம் பற்றிப் பல்கலைக்கழகத்தில் பேசுங்கள். நம் நாட்டில் காப்புரிமையின் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம். எந்தக் கருவிக்குக் காப்புரிமை நடப்பில் இருக்கிறது, எதற்கு முடிந்துவிட்டது என்பதை அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்கினால் பிறகு தொல்லை இருக்காது.

எங்கள் வீட்டில் இந்த வருடம் இரண்டு மூட்டை உளுந்தை விற்காமல் நிறுத்தியிருக்கிறோம். இரண்டு வெயில் கூடுதலாகக் காயவைத்து, தகர டின்களில் கொட்டி, டூ இன் ஒன் பொறியைச் செருகி, எச்சரிக்கைக் கிண்ணத்தை சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார் அம்மா. விளக்கு ஏற்றும்போது தினமும் பார்த்துவிடலாம் என்று அவர் கணக்கு. இருபத்திரண்டாம் நாள் வாசலினில் மூன்று வண்டு. அன்றைக்கே டின்னைக் கவிழ்த்துக் காயப்போட்டோம். களத்தில் விலை கேட்ட அதே வியாபாரி போன வாரம் தெருவில் போகும்போது நின்று, "இன்னுமா வச்சிருக்கீங்க? வண்டு விழலையா?" என்று கேட்டார்.

"விழுது. டப்பாவுல விழுது" என்றார் அம்மா.